ராமநாதபுரம் கரையில் கடல் ஆராய்ச்சி: தொண்டியா, புதுமடமா, மண்டபமா, வெளியூரா?

எம்.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி.க்கு எங்கே சேரலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கடல் அறிவியலில் அந்தப் பெயருக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை வேறு: மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும், படகுக்கு யார் பொறுப்பு, வன உயிரினத் துறையின் அனுமதி கையில் இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பெரிய இடத்தில் சேர்ந்து நான்காம் ஆண்டில் தலைப்பை மாற்றிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. சிறிய துறையில் சேர்ந்து ஒழுங்காக முடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உள்ள வழிகளை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம்.

இரண்டு கடல், இரண்டு காற்று

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி தொடங்கித் தை வரை, வடகடலில் இறங்குவது கடினம். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் அதே மாதிரி. ஆராய்ச்சித் திட்டத்தை எழுதும்போது பலர் மறந்துபோவது இதைத்தான்.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை தொண்டி வளாகத்தில், வடகடல் ஓரத்தில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வுத் துறை உச்சிப்புளிப் பக்கம் புதுமடத்தில், தென்கடல் கரையில். மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிடப்பதால் இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரம். காற்று மாறினால் கரை மாற்றிக்கொள்ளும் வசதி மண்டபத்துக்கு மட்டும்தான்.

சூழலியல் ஆய்வு என்றால் குறைந்தது 12 மாதம், பெரும்பாலும் 24 மாதம், மாதம் ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். தொண்டியில் சேருகிறவர் 'மாதந்தோறும் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில்' என்று எழுதிக் கொடுத்தால் கார்த்திகையிலும் மார்கழியிலும் அட்டவணையில் ஓட்டை விழும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளரின் முதல் கேள்வி அந்த ஓட்டையைப் பற்றியதாக இருக்கும். மழைக்குப் பின், கோடை, மழைக்கு முன், மழைக்காலம் என்று ஆண்டை நான்காகப் பிரித்துப் பருவவாரியாகத் திட்டமிடுவது ஒரு வழி. கரையோரத்திலோ படகுத்துறையிலோ நிலையான மாதிரி இடம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, கடல் மோசமான மாதங்களில் அதையாவது விடாமல் எடுப்பது இன்னொரு வழி. புதுமடத்துக்கும் இதே யோசனைதான், மாதங்கள் மட்டும் வேறு.

பிடித்து வந்த மீனை வைத்து ஆய்வு செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். மற்ற நாட்களிலும் பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மீதி நாள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் ராமேஸ்வரத்திலோ சோளியக்குடியிலோ இறங்குதளத்துக்கு எந்த நாள் போவது என்பதைத் துறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. எல்லைப் பிரச்சினையில் படகுகள் பிடிபட்டு வேலைநிறுத்தம் வந்தால் இரண்டு வாரம் ஒரு மீன்கூடக் கிடைக்காது. ஒரே இனத்தின் இனப்பெருக்கப் பருவத்தை ஆராய்பவருக்கு அந்த இரண்டு வாரம் முட்டையிடும் காலமாக அமைந்துவிட்டால் ஓர் ஆண்டு போனது போலத்தான். நாட்டுப்படகு நண்டு வலையை நம்பிய தலைப்புகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தீவுப்பக்கம் போக அனுமதி

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையும் 21 தீவுகளும் வெளியூர் மாணவர்களை இழுக்கும் விஷயம். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 560 சதுர கிலோமீட்டருக்குள் தான் அந்தத் தீவுகள் எல்லாம் இருக்கின்றன. அங்கே ஆய்வுக்காக நுழைவதற்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பட்டியலில் உள்ள உயிரினத்தைத் தொட்டு எடுப்பதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரினமாக இருந்தால் கோப்பு டெல்லி வரைக்கும் போகும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு பட்டியல்கள் நான்காகச் சுருங்கி, இனங்கள் இடம் மாறியிருக்கின்றன. பழைய ஆய்வேட்டில் இருக்கும் பட்டியல் எண்ணைப் பார்த்து விண்ணப்பம் எழுதினால் திரும்பி வரும்.

இந்த அனுமதி ஆய்வாளர் பெயரிலும் திட்டத்தின் பெயரிலும் கொடுக்கப்படும். நெறியாளர் (ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்) கையில் ஏற்கெனவே அனுமதியோடு ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தால் பவளம் பற்றிய தலைப்பை எடுக்கலாம். 'சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று சொன்னால் வேறு தலைப்பைத் தேடுங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அனுமதிக்காகக் காத்திருக்கும் நாளும் இதில் கழியும்.

பூங்காவுக்கு வெளியே வேலைக்குப் பஞ்சமே இல்லை. வடகடலின் கடற்புல் படுகைகள், காரங்காட்டு அலையாத்தி, கரையோரப் பாசிகள், நண்டு, இறால், துறைமுகக் கழிவு, மீன் இறங்குதளப் புள்ளிவிவரம் எல்லாம் இருக்கின்றன. கேள்வி நன்றாக இருந்தால் பவளத்தைவிட இவற்றில் ஆய்வேடு சீக்கிரம் முடியும். ஆனால் பூங்காவுக்கு வெளியே என்பதால் சட்டமே பொருந்தாது என்று எண்ணிவிடக் கூடாது. வலையில் தானாகச் சிக்கிய கடல் அட்டையை 'மாதிரிக்காக' வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான்.

பணம்

அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். இதோடு ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,666 ரூபாய். படகு வாடகை, டீசல், ஐஸ், வேதிப்பொருள், பஸ் எல்லாம் இதற்குள் அடங்காது. அதனால் ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தாலும் படகுக்கு நெறியாளரின் திட்டம் வேண்டும், அல்லது துறைக்குச் சொந்தப் படகு வேண்டும். துறையின் படகு கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால் எஞ்சின் ஓடுகிறதா, கடைசியாக எப்போது கடலுக்குப் போனது என்று விசாரிப்பதில் தப்பில்லை.

ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகச் சேருவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நெறியாளரின் திட்டத்தில் இடம் இருந்தாலோ மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தாலோ சேரலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கு முழுநேர ஆய்வுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் மாநில அரசு உதவி உண்டு. அது சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஆகும், படகுக்கு ஆகாது. வீட்டில் கடன் வாங்கிக் கடல் ஆய்வு செய்வது, உப்பளத்தில் நெல் நடுவது மாதிரி.

நெட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது என்பதிலேயே ஒரு முடிவு இருக்கிறது. கடல் உயிரியல் படித்தவர்கள் உயிர் அறிவியல் தாள் எழுதுவார்கள். கடலியல் படித்தவர்களுக்குப் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாள். உயிர் அறிவியலில் மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல் அலகுகளைப் பார்த்துக் கடல் உயிரியல் மாணவர்கள் மிரண்டுபோகிறார்கள். ஆனால் 'சி' பகுதியில் 75 கேள்வியில் 25 மட்டும் எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். சூழலியல், பரிணாமம், உயிரினப் பன்மை, ஆய்வு முறைகள், பயன்பாட்டு உயிரியல் ஆகிய அலகுகளை ஆழமாகப் படித்தவர் அங்கிருந்தே பெரும்பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். தவறான விடைக்கு நான்கில் ஒரு பங்கு கழியும் என்பதால் எண்ணிக்கையை நிரப்புவதற்காக எழுதக் கூடாது. புவி அறிவியல் தாளில் கடல் பகுதியை மட்டும் படித்துக்கொண்டு போனால் தேற முடியாது. வானிலையியலையும் கூடவே பிடிக்க வேண்டும்.

2024 முதல் நெட் முடிவில் மூன்று நிலை: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். மூன்றாம் நிலையில் தேறினால் சேரலாம், பணம் வராது. 'நெட் பாஸ்' என்று மொத்தமாகச் சொல்லி வீட்டில் குழப்பம் வருவது இதனால்தான்.

மண்டபத்தில் திட்டப் பணி

1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்து மையம் பெரிய நிலையமாகவே நடக்கிறது. கடல் விராலை 2010இலும் வெள்ளி பாம்பனோவை 2011இலும் இந்தியாவில் முதன்முறையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது இங்கேதான். அதே ஊரில் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் கீழுள்ள மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையமும் இருக்கிறது.

இங்கே நேரடியாக பிஎச்.டி. மாணவராகச் சேருபவர்களைவிட, திட்டப் பணியில் நுழைபவர்கள் அதிகம். நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும், பயணப்படி கிடையாது. வேலை திட்டம் இருக்கும் வரைதான், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. இதை நிரந்தர வேலைக்கு முதல் படி என்று எண்ணுவது தவறு. விஞ்ஞானிப் பணிக்குத் தனித் தேர்வு உண்டு. மண்டபத்தில் கிடைப்பது கைவேலை. குஞ்சுப் பொரிப்பகத்தில் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவது, குஞ்சுகளுக்கு இரையாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்ப்பது, தண்ணீரின் அமோனியா ஏறினால் இரவு 2 மணிக்கு எழுந்து நீர் மாற்றுவது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதற்குச் சமமான பயிற்சி கிடைக்காது.

கடற்பாசிக்காரர்களின் வேலையையும் சொல்ல வேண்டும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 60 கிலோ கப்பாஃபைகஸ் பாசி விதை (நறுக்கிய துண்டுகள்), 45 நாள் கழித்து அறுவடை. நல்ல பருவத்தில் தெப்பத்துக்கு 200 கிலோவுக்கு மேல் வரும், பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆராய்ச்சிக்கு வேலை இருப்பது இந்தக் கணக்கு பிசகும் இடத்தில்தான்: கோடையில் தண்ணீர் சூடேறிப் பாசி வெளுத்து உருகுவது, ஓரா மீன் மேய்ந்துவிடுவது, வாடையில் தெப்பமே அறுந்துபோவது, ஒரே விதையைப் பல ஆண்டு நறுக்கி நட்டதால் வளர்ச்சி குன்றுவது. குருசடைத் தீவுப் பக்கம் இதே பாசி பவளத்தின் மேல் படர்ந்த விவகாரமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையில் கட்டுரை எழுத முடியாது. வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருவதால் இந்த வட்டாரத்தில் பாசி படித்தவர்களுக்கு நிறுவன வேலையும் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களில் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற அவர்களுடைய சொந்தப் பல்கலைக்கழக அமைப்பின் வழியாகவே பிஎச்.டி. பதியலாம். மீன்வள நிறுவனத்தில் உடன்பாடு உள்ள வெளிப் பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும். திட்டப் பணியாளராக இருந்துகொண்டு பதிவதாக இருந்தால் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: நிறுவனத்தின் தடையில்லாச் சான்று, திட்டத்தின் தரவை ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதி. திட்டம் முடிந்து அதிகாரி மாற்றலாகிப் போன பின் தரவைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பது பெரிய அவஸ்தை.

எங்கள் கணிப்பில் நெட் தேறாதவருக்கு மண்டபம்தான் முதல் தேர்வு. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் தங்கக் கூடாது. மூன்றாவது நான்காவது திட்டத்துக்குத் தாவித் தாவி வயது 30ஐத் தாண்டும்போது ஜே.ஆர்.எஃப். கதவும் பொதுப் பிரிவு ஆண்களுக்குச் சாத்திவிடும்.

வெளியூர்: பரங்கிப்பேட்டை

வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு அறுபது ஆண்டுக்கு மேலான மரபு இருக்கிறது. கடல் உயிரியலில் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் பலர் அங்கே படித்தவர்கள். நூலகமும் மாதிரிச் சேகரிப்பும் பெரியவை. வகைப்பாட்டியல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஜே.ஆர்.எஃப். கையில் உள்ளவர், புழுக்களையோ மெல்லுடலிகளையோ இனம் பிரித்துச் சொல்லும் திறனை வளர்த்துக்கொள்ள விரும்புபவர், அங்கே போகலாம். ராமநாதபுரம் கடலைத்தான் ஆராய வேண்டும் என்றால் அங்கிருந்து ஒவ்வொரு முறையும் மாதிரிக்காக இங்கே வந்துபோவது பணத்துக்கும் மாதிரிக்கும் கேடு.

மாதிரிக்குக் கேடு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். கரைந்த ஆக்சிஜனை வின்க்ளர் முறையில் அளக்கப் படகிலேயே, தண்ணீர் எடுத்த கையோடு, குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி இரண்டு வேதிக்கரைசலையும் விட்டுப் பழுப்பு வீழ்படிவாக நிலைநிறுத்திவிட வேண்டும். பச்சையத்துக்கு எடுத்த தண்ணீரை அன்றைக்கே, வெளிச்சம் படாமல், வடிகட்ட வேண்டும். சத்துப்பொருள் மாதிரி ஐஸிலேயே இருந்து வடிகட்டிய பின் உறைநிலைக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்தில் எடுத்ததைப் பஸ்ஸில் ஏற்றி மறுநாள் சிதம்பரத்தில் இறக்கினால் வரும் எண்கள் கடலைப் பற்றியவை அல்ல, பஸ் பயணத்தைப் பற்றியவை. வடகடல் கலங்கல் நீர் என்பதால் ஒரு லிட்டர் வடிகட்ட முயன்றாலே தாள் அடைத்துக்கொள்ளும்; 250 மில்லி போதும், ஆனால் எவ்வளவு வடிகட்டினோம் என்று அங்கேயே எழுதி வைக்க வேண்டும். மரபணு வரிசை பார்க்கும் எண்ணம் துளி இருந்தாலும் மாதிரியில் பாதியை எத்தனாலில் போடுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பிறகு டி.என்.ஏ. உருப்படியாகக் கிடைப்பது அரிது.

வெளியூர்த் துறையில் சேர்ந்து உள்ளூரில் மாதிரி எடுப்பதாக இருந்தால் மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு மேசையும் ஒரு குளிர்பெட்டியும் பயன்படுத்த ஏற்பாடு இருக்க வேண்டும். துறைகளுக்கு இடையே கடிதம் போட்டால் இது கிடைக்கக்கூடியதே.

இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்கு

கடல் ஆராய்ச்சி என்றால் மீனும் பவளமும் என்றே நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். பி.எஸ்சி. இயற்பியல், கணிதம், பி.இ. படித்தவர்களுக்குக் கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. உயிரியல் பக்கத்தைவிட அங்கே கூட்டம் குறைவு, வேலையும் நிலையானது என்பது எங்கள் எண்ணம். சென்னையில் 1993இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையம், ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறை, ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம், கோவாவில் 1966 முதல் தேசியக் கடலியல் நிறுவனம். 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி அதில் ஒரு பகுதி. இதற்குத் தேவைப்படுவது இயந்திரம், ஒலியியல், மின்னணுவியல், கணிப்பு தெரிந்தவர்கள்.

இந்த வழியில் வீட்டில் இருந்தபடியே தகுதியை வளர்த்துக்கொள்ளலாம். ஆர்கோ மிதவைகளின் வெப்ப, உவர்ப்புத் தரவும் செயற்கைக்கோளின் கடல் மேற்பரப்பு வெப்பநிலையும் இலவசம். பைத்தான் தெரிந்தால் போதும். ஆனால் உள்ளூர்க் கடலை இவற்றால் ஆராய முயலும்போது இடறும் இடங்கள் உண்டு. ஆர்கோ மிதவை 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறுவது. பாக் விரிகுடாவின் ஆழம் சராசரியாகப் பத்து மீட்டர்கூட வராது, அங்கே மிதவை கிடையாது. செயற்கைக்கோள் காட்டும் பச்சைய அளவும் அங்கே நம்பத்தக்கதல்ல. ஆழம் குறைந்த நீரில் அடித்தரையின் ஒளியும் கலங்கிய வண்டலும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். வடகடலின் வரைபடம் பச்சையாக மின்னுவதைப் பார்த்து 'உற்பத்தித்திறன் அதிகம்' என்று எழுதிய ஆய்வுத் திட்டம் முதல் சுற்றிலேயே திரும்பி வரும். மன்னார் வளைகுடாவின் ஆழமான பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது.

பிளஸ் டூவில் இருப்பவர்கள்

இவர்களுக்குச் சுருக்கமாக: தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல்), மீன்துறை வேலைகளுக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மீன்வளத் தேர்வுகளுக்கும் நேராகப் பொருந்தும் பட்டம். மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தூத்துக்குடிக் கல்லூரி பக்கம். உயிரியலில் ஆர்வம் இருந்து மதிப்பெண்ணும் இருந்தால் பி.எஸ்சி. விலங்கியல் போய் எம்.எஸ்சி. கடல் உயிரியல் சுற்றுவதைவிட இது மேல். பி.எஸ்சி. வழியில் போகிறவர்கள் எம்.எஸ்சி. சேரும் முன்னரே, அந்தப் பட்டம் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விலங்கியலுக்கு இணையாக ஏற்கப்படுகிறதா என்று உயர்கல்வித் துறையின் இணைத்தகுதி அரசாணையைப் பார்த்துவிட வேண்டும்.

நெறியாளரைப் பார்க்கப் போகுமுன்

ஒரே நேரத்தில் உதவிப் பேராசிரியர் ஒருவர் நான்கு பிஎச்.டி. மாணவர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், பேராசிரியர் எட்டுப் பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக எடுக்கக் கூடாது. ஒரு நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பது துறை இணையப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது, நேரில் கேட்க வேண்டும். அவரிடம் கடைசியாக முடித்த இரண்டு மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். எத்தனை ஆண்டு ஆனது, படகுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் இந்தக் கரையில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு குளறுபடி உண்டு. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. என்ற சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அறிவிப்பில் கேட்ட நிதியாண்டுக்கு உரியதாக. நெட் விண்ணப்பத்திலும் மண்டபத்து நேர்காணலிலும் இது கேட்கப்படும். இ-சேவை மையத்தில் பதிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அறிவிப்பு வந்த பின் ஓடினால் நேரம் போதாது, சித்திரையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.